கண்ணுக்குத் தெரியாத கூரை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் நாளிதழைப் பிரித்தவுடன் எல்லாரும் தேடுவது ஒரே ஒரு செய்தியைத்தான். அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி? உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் அமராவதி நகர், அணையால் பெயர்பெற்ற ஊர். அணையின் முழு நீர்மட்டம் 90 அடி. அந்த எண்ணைத் தொட்டுவிட்டால் கரூர் வரை உழவர்களின் முகம் மலரும். எனக்கோ சிறுவயதில் அந்த எண் அச்சத்தின் அளவுகோலாக இருந்தது. 90 அடி நீருக்கு அடியில் ஒருவன் நின்றால் என்ன ஆவான் என்று அணைமேட்டில் நின்றபடி எண்ணிப் பார்ப்பேன்.

நீர்த்தேக்கத்தில் நாங்கள் இறங்கியதில்லை. அங்கே முதலைகள் உண்டு. வனத்துறையின் முதலைப் பண்ணையும் அருகிலேயே இருக்கிறது. நான் நீந்தக் கற்றது வாய்க்காலில். என் தந்தை திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆலையில் காற்றழுத்த இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் இருந்தார். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். ஞாயிறு காலையில் என்னை வாய்க்காலுக்கு அழைத்துச் சென்று, இடுப்பில் துண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழக்குவார். அவர் சொல்லித் தந்த விதி ஒன்றே ஒன்றுதான். "மூச்சு முட்டுச்சுனா வேற எதையும் யோசிக்காத கண்ணு. மேல வந்துரு."

அந்த விதி உண்மையானது. மனிதன் நீரில் இறங்கத் தொடங்கிய நாள்முதல் அதுவே அவனைக் காத்து வந்திருக்கிறது. ஆயினும் ஒரு குளிர்காலக் காலையில், ஆங்கிலேய நாட்டில், அந்த விதி என்னைக் கொல்லப் பார்த்தது.

பின்னலாடைத் தொழில்நுட்பம் பயில்வதற்காக லெஸ்டர் நகருக்குச் சென்றிருந்தேன். திருப்பூரைப் போலவே லெஸ்டரும் பின்னலாடைக்குப் பெயர்போன ஊர். அந்தப் பகுதியில் கல் வெட்டி எடுத்தபின் நீர் நிரம்பிப்போன பள்ளங்கள் சில உண்டு. அவற்றில் முக்குளிப்புப் பழகுவோர் வாரந்தோறும் கூடுவர். அணைமேட்டில் நின்று நான் கேட்ட கேள்விக்கு விடை அங்கே கிடைக்கும் என்று தோன்றியது. சேர்ந்தேன். மூன்றாண்டுப் பயிற்சிக்குப் பின் தொழில்நுட்ப முக்குளிப்பு எனப்படும் அடுத்த நிலைக்குச் சென்றேன். பொழுதுபோக்குக்காக மூழ்குபவர் எந்த நொடியிலும் மேற்பரப்புக்குத் திரும்பிவிடலாம். தொழில்நுட்ப முக்குளிப்பில் அந்த உரிமை கிடையாது.

ஏன் கிடையாது என்பதை விளக்க ஒரு கோலி சோடா போதும். கோலியை அழுத்தாதவரை புட்டிக்குள் இருக்கும் நீர் தெளிவாகத்தான் இருக்கும். வளிமம் அதற்குள் கரைந்து அடங்கியிருக்கிறது. கோலியைத் தட்டியதும் அழுத்தம் நீங்கி நுரை பொங்குகிறது. நீருக்குள் 10 மீட்டர் இறங்குந்தோறும் நம் உடல்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எங்கள் அணையின் 90 அடிக்குக் கீழே அது மேற்பரப்பில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 3.7 மடங்கு, 40 மீட்டரில் ஐந்து மடங்கு. அந்த அழுத்தத்திலேயே காற்றைச் சுவாசித்தால்தான் மார்பு விரியும். அப்படிச் சுவாசிக்கும்போது காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கொழுப்பிலும் சிறிது சிறிதாகக் கரைகிறது. விரைந்து மேலேறினால் உடலே சோடாப் புட்டியாகிவிடும். மூட்டுகளில் வலி, கால்கள் மரத்துப்போதல், சில வேளைகளில் முடக்கம், இறப்பு. இதனை அழுத்தநீக்க நோய் என்பர்.

இதற்கு வழி கண்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர். ஆடுகளை அழுத்தக் கூண்டில் அடைத்து ஆராய்ந்து, 1908ஆம் ஆண்டு தம் முடிவுகளைத் துணை ஆய்வாளர்களுடன் வெளியிட்டார். சீராக மெல்ல மெல்ல ஏறுவதைவிட, பாதி அழுத்தம் வரை சற்று விரைந்து ஏறி, பின்னர் படிப்படியாக நின்று நின்று ஏறுவதே நல்லது என்பது அவர் கண்ட உண்மை. அந்தப் படிகளையே இன்றும் வெவ்வேறு கணக்குகளால் திருத்திப் பயன்படுத்துகிறோம். ஆழத்தில் இத்தனை நிமிடம் இருந்தால், ஏறும்போது 9 மீட்டரில் இவ்வளவு, 6 மீட்டரில் இவ்வளவு, 3 மீட்டரில் இவ்வளவு நிமிடம் நிற்க வேண்டும். நிற்காமல் அதற்கு மேலே செல்லக்கூடாது. தலைக்குமேல் கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள் என்பார் எங்கள் பயிற்சியாளர்.

அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனை நாம் நன்கறிவோம். 1957ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து கொல்கத்தாவில் பணியாற்றி, இந்தியக் குடிமகனாகி, 1964ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் மறைந்த மரபியல் அறிஞர் அவர்தான். தந்தையின் ஆய்வுக்காகப் பதின்மூன்று வயதிலேயே முக்குளிப்பு உடை அணிந்து கடலில் இறங்கியவர். அளவு பொருந்தாத அந்த உடைக்குள் நீர் கசிந்ததாம். 1939ஆம் ஆண்டு தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபின், எஃகுக் கூண்டுக்குள் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். உயர் அழுத்தத்தோடு கடுங்குளிரும் சேர்ந்தால் மனிதனுக்கு என்ன நேரும் என்று அறியப் பனிக்கட்டி நீரில் கிடந்தார். அச்சோதனைகளில் அவருடைய முதுகெலும்பே அடிபட்டது. தம் உடலைக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாக எழுதிவைத்துச் சென்றார். முக்குளிப்பைப் பற்றிப் பேச வந்தவன் இதை ஏன் சொல்கிறேன் என்றால், அறிவியல் நூல்களில் நாம் எளிதாகக் கடந்துசெல்லும் அட்டவணை எண்களுக்குப் பின்னால் எவருடைய எலும்போ இருக்கிறது என்பது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

இனி ரெகுலேட்டர் என்னும் காற்றுச் சீராக்கிக்கு வருவோம். உருளைக்குள் காற்று 200 பார் அழுத்தத்துக்குமேல் அடைக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே வாயில் வாங்கினால் நுரையீரல் கிழிந்துவிடும். உருளையின் கழுத்தில் பொருந்தியிருக்கும் முதல் நிலைச் சீராக்கி அதனைச் சுற்றுநீரின் அழுத்தத்தைவிடப் பத்துப் பார் அளவுக்கே மிகுதியாக இருக்குமாறு குறைத்துக் குழாய்க்குள் அனுப்பும். வாயில் கடித்துக்கொள்ளும் இரண்டாம் நிலை, நாம் உள்ளிழுக்கும்போது மட்டும் திறந்து, சுற்றுநீரின் அழுத்தத்திலேயே காற்றைத் தரும். 1943ஆம் ஆண்டு பிரான்சில் கூஸ்தோவும் காஞனும் உருவாக்கிய கருவி இதன் மூத்த வடிவம். எளிய கருவி; ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அதற்குப் பகை குளிர்.

மிதிவண்டிச் சக்கரத்தின் காற்றைத் திறந்துவிட்டிருக்கிறீர்களா? விரலில் சில்லென்று படும். அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரியும் காற்று குளிர்கிறது. என் தந்தையின் ஆலையில் பின்னல் எந்திரங்களில் படியும் பஞ்சுத் தூசியை அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளுவார்கள். அந்தக் குழாய் முனையும் அப்படித்தான் குளிர்ந்திருக்கும். 200 பாரிலிருந்து பத்துப் பாருக்கு இறங்கும் காற்றின் குளிர்ச்சி இதைவிடப் பன்மடங்கு. வெதுவெதுப்பான நம் கடலில் சுற்றியுள்ள நீரே சீராக்கியைச் சூடேற்றிவிடும். நீரே 4, 5 டிகிரியில் இருந்தால் அதனால் முடியாது. சீராக்கியின் உலோகம் உறைநிலைக்குக் கீழே சென்று, அதைத் தொட்ட நீர் பனிக்கட்டியாகும். அது வில்சுருளையோ வால்வையோ திறந்த நிலையிலேயே இறுக்கிவிட்டால் காற்று நிற்காமல் பீறிடும். பீறிடும் காற்று மேலும் குளிரூட்டும். பனி மேலும் தடிக்கும். ஐரோப்பியத் தரவிதிகள் 10 டிகிரிக்குக் கீழுள்ள நீருக்கெனச் சீராக்கிகளைத் தனியே சோதிப்பது இதனால்தான். சோதித்துத் தேறிய கருவியும் தவறாகக் கையாண்டால் உறையும். நான் தவறாகக் கையாண்டேன்.

அது சனவரி மாதம். கரையில் புல்லெல்லாம் வெண்பனி. காற்றின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே. என்னுடன் இணையாக மூழ்கியவர் ஐம்பது வயதைக் கடந்த பள்ளி ஆசிரியை. உடைகளை அணிந்து முடித்ததும், கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கரையில் நின்றபடியே நான்கைந்து முறை அதில் மூச்சு விட்டேன். நீருக்குள் முகத்தை அமிழ்த்திய பின்பே சோதிக்க வேண்டும் என்பது பாடம். உறைபனிக் காற்றில் வெளிவிட்ட மூச்சின் ஈரம் கருவிக்குள் தங்கி உறையத் தொடங்கும். தெரிந்திருந்தும் செய்தேன். தெரியாமல் செய்யும் பிழைகளைவிடத் தெரிந்து செய்யும் பிழைகளே நீருக்கடியில் மிகுதி என்பது என் கணிப்பு.

38 மீட்டருக்கு இறங்கினோம். முதுகில் இரட்டை உருளைகள். அவை ஒரு குழாயால் இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு, தனிச் சீராக்கி. வாயில் ஒன்று, மாற்றாக இன்னொன்று கழுத்தில் மாலைபோல் தொங்கும். இருபத்திரண்டாம் நிமிடம் அழுத்தமானியைப் பார்த்தேன். 130 பார். ஏறத் தொடங்க வேண்டிய நேரம். மணிக்கட்டுக் கணினி, ஏறும் வழியில் பதினான்கு நிமிடம் நிற்க வேண்டும் என்று காட்டியது. குளிர் எலும்புவரை ஏறியிருந்தது. நீர்புகா உடைக்குள் சற்றுக் காற்றை நிரப்பினால் கதகதப்பாக இருக்கும் என்று பொத்தானை நீளமாக அழுத்தினேன். அதே நேரத்தில் ஆழ்ந்து மூச்சையும் இழுத்தேன். ஒரே சீராக்கியிலிருந்து இரண்டு வழியாகக் காற்றைப் பறித்தேன். இரண்டாவது பிழை.

வாய்க்குள் ஏதோ வெடித்தாற்போல் இருந்தது. காற்று கன்னங்களை உப்பவைத்துக்கொண்டு பீறிட்டது. பற்கள் வேரோடு கூசின. முகத்தைச் சுற்றி வெண்ணிறக் குமிழிகள். கையை நீட்டினால் கை தெரியவில்லை. காதுகளில் ஆலைச் சங்கு ஊதுவதுபோன்ற இரைச்சல். மூச்சு முட்டவில்லை, காற்று வேண்டிய அளவுக்குமேல் இருந்தது. ஆனால் உடல் அதை நம்பவில்லை. எங்கோ வாய்க்கால் கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. வேற எதையும் யோசிக்காத. மேல வந்துரு.

கால்களை உதைத்து ஏறினேன். 36, 34, 32. எண்கள் ஓடின. எப்படி ஏறினேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. 31 மீட்டரில் கணுக்காலை ஒரு கை பற்றியது. இறுக்கிப் பிடித்து நிறுத்தியது. பின்னர் அந்தக் கை என் முகக் கண்ணாடிக்கு முன்னால் விரிந்த உள்ளங்கையாக வந்து நின்றது. நில் என்று பொருள். அவர் முதலில் என் வால்வைத் தேடவில்லை. என்னைத்தான் நிறுத்தினார். ஓடுகிறவனுடைய வால்வை எவரும் மூட முடியாது.

அந்த உள்ளங்கையைப் பார்த்ததும் கைகளுக்குப் பழைய பழக்கம் நினைவுக்கு வந்தது. வாயிலிருந்ததை எடுத்தேன். கழுத்தில் தொங்கியதைப் பற்றி வாயில் வைத்தேன். அமைதியான, இயல்பான ஒரு மூச்சு. அது இரண்டாவது உருளையின் சீராக்கி. அதில் பனி இல்லை. அடுத்து, தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுசென்று பீறிடும் பக்கத்து வால்வை மூட வேண்டும். தடித்த கையுறையும் உடையும் சேர்ந்து என் தோளை மடங்கவிடவில்லை. வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில் நூறு முறை செய்த வேலை அது. விரல் நுனி திருகைத் தொட்டது. எந்தப் பக்கம் திருப்புவது என்று மட்டும் தெரியவில்லை. நான் தடுமாறுவதைக் கண்டு அவரே பின்னால் வந்து மூடினார். இரைச்சல் சட்டென்று நின்றது. அழுத்தமானி 70 பார் காட்டியது. ஒன்றரை நிமிடத்துக்குள் 60 பார் காற்று குமிழிகளாகப் போயிருந்தது.

மீதமிருந்த காற்றைக் கணக்கிட்டோம். நீர்ப்பலகையில் அவர் எண்களை எழுதினார்; நான் தலையசைத்தேன். இணைகுழாய் திறந்திருந்ததால் இரண்டு உருளைகளிலும் எஞ்சிய காற்று எனக்குக் கிடைக்கும். பதட்டப்படாமல் மூச்சு விட்டால் போதும். போதாவிட்டால் அவரிடம் இருக்கிறது. கணக்கு முடிந்தபின் மெல்ல ஏறினோம்.

9 மீட்டரில் ஒரு நிமிடம். 6 மீட்டரில் நான்கு. உடலில் வெப்பம் இருக்கும்போது நைட்ரஜனை வாங்கிக்கொண்டு, குளிர்ந்தபின் அதை வெளியேற்ற நேர்வது முக்குளிப்பவருக்குத் தீயது. குளிரில் குருதியோட்டம் சுருங்கி வெளியேற்றம் தாமதமாகும். நானோ நடுங்கிக்கொண்டிருந்தேன். 3 மீட்டருக்கு வந்தபோது மேற்பரப்பு கண்ணாடிக் கதவுபோலத் தெரிந்தது. அதன்மேல் குளிர்கால வெயில். துறையில் நிற்பவர்களின் கால்கள் நெளிந்து நெளிந்து தெரிந்தன. எட்டிப்பிடிக்கும் தொலைவில் உலகத்துக் காற்றெல்லாம் இருந்தது. அந்த 3 மீட்டரைக் கடக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. கயிற்றைப் பிடித்தபடி நொடிகளை எண்ணினேன். என் வாழ்வில் அவ்வளவு நீண்ட ஒன்பது நிமிடம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கரையேறித் தேநீர்க் கோப்பையைக் கையில் கொடுத்தபின் அந்த ஆசிரியை கேட்டது, பயந்துவிட்டாயா என்றல்ல. எங்கே தொடங்கியது என்றுதான். கரையில் விட்ட நான்கு மூச்சையும் பொத்தானை அழுத்திய நொடியையும் சொன்னேன். மறுவாரம் 6 மீட்டர் ஆழத்தில், அதே குளிரில், அதே கையுறையுடன் வால்வை மூடித் திறக்கும் பயிற்சியை முப்பது முறை செய்யவைத்தார். அவ்வளவு நாளும் நான் செய்த பயிற்சியெல்லாம் வெந்நீர்ப் பயிற்சி என்று அப்போதுதான் புரிந்தது.

ஊர் திரும்பிச் சில ஆண்டுகளுக்குப்பின் ஒரு வேலையாகத் தூத்துக்குடி சென்றேன். சங்கு குளிப்பவர்களைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். மன்னார் வளைகுடாவில் அவர்கள் எடுக்கும் சங்குகள் வங்காளத்துக்குச் சென்று மணமகளிரின் வளையல்களாகின்றன. அவர்களுடைய முன்னோர் மூச்சை அடக்கி மூழ்கினர். இப்போது படகில் காற்றழுத்த இயந்திரம் ஒன்று ஓடும். அதிலிருந்து வரும் நீண்ட குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவர். கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இடக்காலைச் சற்று இழுத்து நடந்தார்.

"இயந்திரம் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் அண்ணாச்சி?"

"மேல வந்துருவோம் தம்பி. வேற என்ன செய்ய? எங்கப்பா சொல்லிக்குடுத்தது அதுதான்."

அவருடைய தந்தை ஒரே மூச்சில் இறங்கி ஏறியவர். மேற்பரப்பில் வாங்கிய ஒரு மூச்சோடு போய்த் திரும்புகிறவனின் உடலில் நைட்ரஜன் மிகுதியாகச் சேர வழியில்லை. அவருக்கு அந்த விதி முழு உண்மை. மகன் கையில் குழாய் வந்தபோது விதி மாறிவிட்டது. மாறியதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பத்துப் பாகம் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய 18 மீட்டரில், மணிக்கணக்கில் சங்கு தேடியிருக்கிறார். ஒருநாள் குழாயில் காற்று நின்றது. ஒரே உதையில் மேலே வந்தார். அன்று மாலையே கால் மரத்துப்போயிற்று.

"மூட்டு வலிச்சா திரும்ப இறங்கிருவோம் தம்பி. தண்ணிக்குள்ள போனா வலி போயிரும். ஏறுனா மறுபடி வரும்" என்றார். குமிழிகள் அழுத்தத்தில் சுருங்குவதால் வலி குறைகிறது. மருத்துவமனைகளில் அழுத்தக் கூண்டில் வைத்துச் செய்யும் சிகிச்சையின் அடிப்படையும் அதுவே. அவர்கள் அதைக் கடலிலேயே கண்டறிந்திருந்தார்கள், பாதுகாப்பின்றி.

படகின் நங்கூரக் கயிற்றில் மேலிருந்து இரண்டரைப் பாகத்தில் ஒரு முடிச்சுப் போடுங்கள், ஏறும்போது அதைப் பிடித்துக்கொண்டு சில நிமிடமாவது நில்லுங்கள் என்றேன். மூழ்கிய ஆழத்தையும் நேரத்தையும் வைத்து அட்டவணை பார்த்தால்தான் சரியான கணக்குக் கிடைக்கும், ஒன்றும் செய்யாததற்கு இது மேல் என்றும் சொன்னேன். அருகில் நின்ற அவருடைய மகனுக்கு இருபது வயதிருக்கும். மறுநாள் விடியலில் கடலுக்குப் போகிறவன். கயிற்றைக் கையால் அளந்து, இரண்டரைப் பாகத்தில் விரலை வைத்துக் காட்டினான். சரிதானா என்று கேட்டான்.

பெரியவர் அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழாய்ல காத்து நின்னுட்டா, முடிச்சுல எப்படித் தம்பி தொங்குறது?"

என் கழுத்தில் மாலைபோல் தொங்கிய இரண்டாவது சீராக்கி நினைவுக்கு வந்தது. அதற்கு இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு சிறிய உருளையும் தனிச் சீராக்கியும் வேண்டும் அண்ணாச்சி என்றேன். விலை கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல், அது எத்தனை சங்கு என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.